ஐந்தில் இரட்டை, ஆறில் ஒற்றை

உங்களில் பாதிப் பேர் இந்த மாதம்தான் முதல்முறையாக விடைத்தாள் திருத்த உட்காரப் போகிறீர்கள் என்று உங்கள் துறைத்தலைவர் சொன்னார். சிவப்பு மை, கூட்டல் சரிபார்ப்பு, ஒரு கட்டுக்கு எத்தனை தாள் என்பதையெல்லாம் தேர்வு அலுவலகம் சொல்லிவிடும். அதைச் சொல்ல ஓய்வு பெற்ற ஒருத்தியை இவ்வளவு தூரம் கூப்பிட வேண்டியதில்லை. யாரைச் சந்தேகப்படுவது, எவ்வளவு தூரம் சந்தேகப்படுவது, எங்கே நிறுத்துவது என்பதை மட்டும் எந்த அலுவலகமும் சொல்லித் தராது.

அதைப் பேச நான் பொருத்தமான ஆள்தான். எனக்குப் பிறவியிலேயே சந்தேகப் புத்தி. பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று தினமும் பார்ப்பேன். கலக்கவில்லை என்றால், இன்றைக்கு ஏன் கலக்கவில்லை என்று யோசிப்பேன். "இவ பரலோகத்துக்குப் போனாலும் வாசல்ல நிக்கிற பேதுரு கிட்ட அடையாள அட்டையைக் கேப்பா" என்று என் வீட்டுக்காரர் சபையார் முன்னாலேயே சொல்வார். கேட்பேன்தான். அதில் என்ன தப்பு?

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், திருத்தும் முகாமில் எனக்கு மேலே ஒரு தலைமைத் தேர்வாளர் இருந்தார். அதிகம் பேச மாட்டார். ஒரு கட்டில் பத்து பேர் ஒரே மாதிரி சரியாக எழுதியிருந்ததைப் பார்த்து நான் காப்பி, காப்பி என்று குதித்தபோது, நாற்காலியில் சாய்ந்தபடியே சொன்னார்: "சரியான வழி ஒண்ணு ரெண்டுதாம்மா இருக்கும், பத்து பேரும் அதுலதான் வருவாங்க. தப்பு ஆயிரம் விதமா பண்ணலாம். ரெண்டு பேரு ஒரே தப்பைப் பண்ணியிருந்தா அப்ப என்னைக் கூப்பிடு." அதற்குப் பிறகு பல வருஷம் அந்த விதியை வைத்துத்தான் பிழைத்தேன். அந்த விதியும் உதவாமல் போன ஒரு நாளைப் பற்றித்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

தஞ்சாவூரில் தெருவுக்கு ஒரு கம்ப்யூட்டர் சென்டர் முளைத்த காலம். அதற்கு முன்னால் எங்கள் கணிதத் துறைக்கு வேறு எதுவும் கிடைக்காதவர்கள்தான் வருவார்கள். திடீரென்று இடம் கேட்டுச் சிபாரிசோடு வர ஆரம்பித்தார்கள். மேட்டூர் திறக்குமா திறக்காதா என்று பார்த்துக்கொண்டிருந்த அப்பாக்கள் எல்லாம் பெண்ணைச் சென்னைக்கு அனுப்பலாமா, சிங்கப்பூருக்கு அனுப்பலாமா என்று விசாரிக்கத் தொடங்கியிருந்தார்கள். கல்லூரி வளாகத்துக்கே வந்து ஆள் எடுக்கும் வழக்கம் அப்போதுதான் எங்கள் ஊரை எட்டியது. பாடத்திட்டத்தை அவசர அவசரமாக மாற்றி, எண்முறைகள் என்று ஒரு தாளைச் சேர்த்தோம். இரண்டு, எட்டு, பதினாறு அடிமானங்களில் எண்களை எழுதும் பாடம் அது. நடத்தியவர் முரளி என்ற இளம் விரிவுரையாளர். சுறுசுறுப்பான பையன்; கொஞ்சம் அவசரம்.

அந்தத் தாளில் ஒரு சின்னக் கேள்வி. ஐந்து அடிமானத்தில் 2413 என்று எழுதப்பட்ட எண் இரட்டையா, ஒற்றையா? காரணம் கூறுக.

வேறு துறைக்காரர்களும் இங்கே உட்கார்ந்திருப்பதால் ஒரு வார்த்தை. ஐந்து அடிமானம் என்றால் எல்லாவற்றையும் ஐந்து ஐந்தாகச் சேர்ப்பது, அவ்வளவுதான். தேங்காய் என்று வையுங்கள். ஐந்து காய் ஒரு கட்டு. ஐந்து கட்டு ஒரு மூட்டை. ஐந்து மூட்டை ஒரு வண்டி. 2413 என்றால் இரண்டு வண்டி, நான்கு மூட்டை, ஒரு கட்டு, உதிரியாக மூன்று காய். நாம் சாதாரணமாக எழுதும் முறையில் அது முந்நூற்று ஐம்பத்தெட்டு. இரட்டை எண். ஆனால் கடைசியில் 3 இருக்கிறது. பழக்க தோஷத்தில் வகுப்பில் பாதிப் பேர் ஒற்றை என்று எழுதி விழுந்தார்கள். மீதிப் பேர் முந்நூற்று ஐம்பத்தெட்டு என்று பெருக்கிக் கூட்டிக் கண்டுபிடித்து எழுதினார்கள். இரண்டு தாள்களில் மட்டும் வேறு மாதிரி இருந்தது. 2+4+1+3=10. பத்து இரட்டை. ஆகவே எண்ணும் இரட்டை. ஒரே வரி. இரண்டு தாளிலும் அதே வரி.

முரளி அந்த இரண்டு தாளையும் தூக்கிக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். நான் நடத்தவே இல்லை மேடம், புத்தகத்திலும் கிடையாது என்றார். மாட்டிக்கொண்டார்கள் என்ற சந்தோஷம் முகத்திலேயே தெரிந்தது. நான் முதலில் சந்தேகப்பட்டது அவரைத்தான். தனியாக டியூஷன் எடுத்து, அங்கே மட்டும் இந்தக் குறுக்கு வழியைச் சொல்லிக் கொடுத்திருப்பாரோ? சுற்றி வளைத்து விசாரித்தேன். அவருக்கே இது ஏன் சரியாக வருகிறது என்று தெரியவில்லை. அதனால் அவரை விட்டேன். பிறகு கேள்வித்தாளை அச்சடித்த இடத்தைச் சந்தேகப்பட்டேன். ஹாலில் காவல் நின்றவரைச் சந்தேகப்பட்டேன். சந்தேகத்தை உட்காரச் சொன்னால் அது உட்காராது, வீடு முழுக்கச் சுற்றி வரும்.

தாள் யாருடையது என்று தெரியாமலிருக்கப் போட்டிருந்த டம்மி நம்பரைப் பிரித்துப் பார்த்தோம். ஒருத்தி கலைச்செல்வி, பட்டுக்கோட்டைப் பக்கம், அப்பா தேங்காய் மண்டி வைத்திருந்தார். எல்லாத் தாளிலும் நல்ல மதிப்பெண். இன்னொருத்தி ரெஜினா. சுமாராகப் படிக்கிறவள். கணக்கு அவளுக்குப் பயம். ஹாலில் ரெஜினா உட்கார்ந்தது கலைச்செல்விக்கு நேர் பின்னால். போதாததற்கு விடுதியில் இரண்டு பேரும் ஒரே அறை.

எங்கள் கல்லூரியில் காட்டியவளுக்கும் பார்த்தவளுக்கும் ஒரே தண்டனை. அந்தப் பருவத்தின் எல்லாத் தாளும் ரத்து. அடுத்த வருஷம்தான் மறுபடி எழுத முடியும். இருவரும் இறுதியாண்டு. ரெஜினாவைச் சென்னைக் கம்பெனி ஒன்று தேர்ந்தெடுத்திருந்தது. ஒரு தாள்கூட நிலுவை இல்லாமல் பட்டத்தோடு வரவேண்டும் என்பது நிபந்தனை. அவள் அப்பா குவைத்தில் வேலை போய்த் திரும்பி வந்து வீட்டில் உட்கார்ந்திருந்தார். கீழே இரண்டு தம்பிகள். அந்த வேலை போனால் அந்த வீட்டுக்கு வேறு வழி எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை.

முதல்வர் பொருளாதாரப் பேராசிரியர், நல்ல மனிதர். ஆனால் அன்று அவருக்கு நெருக்கடி. மறுநாள் காலை முடிவுகளை வெளியிட்டாக வேண்டும், கம்பெனிக்காரர்கள் காத்திருக்கிறார்கள். இரண்டு பெண்களையும் கூப்பிட்டு ஒத்துக்கொண்டதாக எழுதி வாங்கிவிடலாம், எழுதிக் கொடுத்தால் தண்டனையைக் குறைக்கப் பார்க்கலாம் என்றார். முரளி தாளும் பேனாவுமாகத் தயாராக நின்றார். எனக்கு அது பிடிக்கவில்லை. பயந்த பெண்ணிடம் எதை வேண்டுமானாலும் எழுதி வாங்கலாம். பார்க்காதவள்கூட எழுதிக் கொடுப்பாள். அப்படி எழுதி வாங்கிய தாளை வைத்துக்கொண்டு என்னால் தூங்க முடியாது. அது உண்மைதானா என்று அதையும் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பேன்.

ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன் சார், அதற்குப் பிறகு எழுதி வாங்குங்கள் என்றேன்.

நான் யோசித்தது இதுதான். அதே 2413. ஐந்து அடிமானத்துக்குப் பதிலாக ஆறு அடிமானம். இலக்கங்களைக் கூட்டினால் அதே பத்துதான் வரும். ஆனால் இப்போது எண் ஒற்றை. ஐந்தில் வேலை செய்யும் குறுக்கு வழி ஆறில் செய்யாது. புரிந்து எழுதியவள் அந்த இடத்தில் நிற்பாள். பார்த்து எழுதியவள் கூட்டிப் பார்த்து இரட்டை என்பாள். மனுஷியைப் பார்த்து உண்மை பேசுகிறாளா என்று கண்டுபிடிக்கும் சாமர்த்தியம் எனக்குக் கிடையாது, உங்களுக்கும் கிடையாது. இருக்கிறது என்று நினைக்கிறவர்களைத்தான் நான் அதிகம் சந்தேகப்படுவேன். எண்ணிடம் கேட்டால் அது சொல்லிவிடும்.

வெளியே அடைமழை. முதல்வர் அறைக்கு முதலில் கலைச்செல்வி வந்தாள், நனைந்த குடையை வாசலிலேயே வைத்துவிட்டு. கரும்பலகையில் 2413 என்று எழுதி, ஆறு அடிமானம் என்றேன். ஒரு நொடி பார்த்தாள்.

"ஒற்றை மேடம்."

"பரீட்சையில கூட்டிப் பார்த்து இரட்டைன்னு எழுதினியே. இதையும் கூட்டு. பத்துதானே வருது?"

"அது அஞ்சு மேடம். அஞ்சு காயை ஜோடி ஜோடியா பிரிச்சா ஒரு காய் மிஞ்சும். கட்டு, மூட்டை, வண்டி எதுவா இருந்தாலும் ஒண்ணு மிஞ்சும். அந்த மிச்சத்தை எல்லாம் சேர்த்து மறுபடி ஜோடி போட்டா போதும், அதான் கூட்டினேன். ஆறுன்னா எதுலயும் மிச்சமே விழாது. உதிரியா இருக்கற மூணை மட்டும் பார்த்தா முடிஞ்சிது."

மண்டியில் காய்களை ஜோடி ஜோடியாக முடிந்து போடுவதைப் பார்த்து வளர்ந்த பெண். அவளுக்கு எண் என்றால் முதலில் ஜோடிதான் தெரிகிறது. யாரிடமும் அவள் பார்த்து எழுதவில்லை என்பது எனக்கு நிச்சயமாகிவிட்டது. சரி, வெளியே இரு, அடுத்தவளை வரச்சொல்கிறேன் என்றேன்.

அந்த நேரம் பார்த்து முதல்வருக்கு டெலிபோன். கம்பெனிக்காரர்கள்தான். எழுந்து நின்று, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி பேசினார். முரளி இருக்கை வரைபடத்தைக் கோப்பில் தேடிக்கொண்டிருந்தார். முதல்வர் அறைக்குப் பாதி உயரத்துக்கு ஊஞ்சல் கதவு ஒன்று உண்டு. அதற்குக் கீழே வெளி பெஞ்சில் இருப்பவர்களின் கால் தெரியும். இரண்டு ஜோடிக் கால்கள் பக்கத்தில் பக்கத்தில். கலைச்செல்வியின் குடை நுனி ஈரத் தரையில் அசைந்தது. ஒரு கோடு, ஒரு வட்டம், மறுபடி கோடு.

எழுந்து போய் ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். நான் எழுந்திருக்கவில்லை. இரக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். அப்போது எனக்கு இரக்கம் எல்லாம் இல்லை. சொல்லிக் கொடுக்கட்டும், நல்லது என்றே நினைத்தேன். முதல்வர் போன் பேசி முடிக்கும் நேரத்தில் கணக்கு யாருக்கும் ஏறாது. விடையைத்தான் சொல்லிக் கொடுக்க முடியும். ஒப்பிப்பாள், அடுத்த கேள்வியில் பல்லைக் காட்டிவிடும், முடிந்தது விஷயம். அப்படித்தான் நம்பி, முதல்வர் போன் வைக்கும் வரை தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

ரெஜினா வந்தாள். கண் சிவந்திருந்தது. பலகையைக் காட்டிக் கேட்டேன். கேட்டு முடிக்கும் முன்பே ஒற்றை என்றாள். முரளி என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கும் அதே எண்ணம்தான். பெஞ்சிலிருந்து சுடச்சுட வந்த விடை.

பலகையை அழித்துவிட்டு 124 என்று எழுதினேன். ஒன்பது அடிமானம் என்றேன். இது பெஞ்சில் வந்திருக்க முடியாது. கடைசி இலக்கம் இரட்டை. அதை மட்டும் பார்க்கிறவள் விழுவாள். விரலை மடக்கிக் கூட்டினாள். ஏழு. "ஒற்றை மேடம். ஒன்பதுல ஜோடி போட்டா ஒண்ணு மிஞ்சும்ல, அதனால எல்லாத்தையும் கூட்டணும்" என்றாள். குரல் நடுங்கியது, ஆனால் விடை சரி. இருந்தாலும் எனக்கு ஆறவில்லை. மிச்சம் விழுந்தால் கூட்டு, விழாவிட்டால் கடைசியைப் பார் என்று இரண்டு வரியாக மனப்பாடம் செய்து வந்திருக்கலாமே.

அதனால் பலகையை விட்டுவிட்டுக் கேட்டேன். நாம் தினமும் எழுதுகிறோமே, பத்து அடிமானம், அதில் மட்டும் இரட்டையா ஒற்றையா என்று பார்க்க ஏன் கடைசி இலக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறோம்?

முதல்வர் கடிகாரத்தைப் பார்த்தார். முரளி பேனா மூடியைத் திறந்தார். அந்தப் பெண் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தாள். பத்து விரல். இடது கை விரலையும் வலது கை விரலையும் ஒன்றோடொன்று சேர்த்தாள். அப்போது அவள் முகத்தில் பயம் போய்விட்டது. எங்களை மறந்துவிட்டாள் என்றே நினைக்கிறேன்.

"பத்துலயும் மிச்சம் விழாது மேடம்." சேர்த்த விரல்களையே பார்த்தாள். "அப்ப கடைசி இலக்கத்தைப் பாக்கறது பத்தோட குணம்தான். எண்ணோட குணம் இல்ல. எண்ணு எப்படி எழுதினாலும் இரட்டைன்னா இரட்டைதான். எங்க பாக்கணுங்கறதுதான் மாறுது."

இதைக் கலைச்செல்வி எங்கள் அறையில் சொல்லவில்லை. பெஞ்சில் சொல்லியிருப்பாளா என்றால், நான் கேட்கப் போவது எனக்கே தெரியாதபோது அவளுக்கு எப்படித் தெரியும்? இத்தனை வருஷம் கணக்கு நடத்தியிருக்கிறேன். ஒரு பிள்ளைக்குப் புரிகிற அந்த நொடியை நேரில் பார்த்தது விரல் விட்டு எண்ணும் தடவைதான். முகத்தை மறைக்க டஸ்டரைத் தேடினேன்.

அவளை வெளியே அனுப்பியதும் முதல்வர் என்ன எழுதலாம் மேடம் என்றார். இருவருக்கும் அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண், முறைகேடு நிரூபிக்கப்படவில்லை என்று எழுதுங்கள் என்றேன். முரளிக்குப் பொறுக்கவில்லை. அவருக்கும் கண் இருக்கிறது, அவரும் குடையைப் பார்த்திருக்கிறார்.

"மேடம், வெளிய பெஞ்சுல வெச்சு அந்தப் பொண்ணு சொல்லிக் கொடுத்திருக்கா. நிச்சயமா."

"இருக்கலாம் தம்பி. ஒரு போன் பேசற நேரத்துல அவ சொல்லிக் கொடுத்துட்டான்னா, நீங்களும் நானும் ஒரு பருவம் பூரா என்ன பண்ணிட்டிருந்தோம்?"

என்மேல் அவருக்குக் கொஞ்ச நாள் கோபம் இருந்தது. நியாயமான கோபம்தான். விதி என்று ஒன்று இருக்கிறது, அன்று ஹாலில் என்ன நடந்தது என்பதற்குத்தான் விசாரணை, இன்று அவளுக்கு என்ன தெரியும் என்பதற்கு இல்லை என்று பிறகு ஒருநாள் என்னிடம் வாதாடினார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. ஆனால் ஹாலில் நடந்ததை எந்த எண்ணாலும் திரும்பிப் போய்ப் பார்க்க முடியாது. கண்டுபிடிக்க முடியாததற்காக ஒரு வீட்டின் அடுப்பை அணைக்க என் கை வரவில்லை. நான் செய்தது சரிதான் என்று இன்றைக்கும் சொல்வேன். உங்களில் யாராவது முரளி பக்கம் நின்றால் வருத்தப்பட மாட்டேன். ஆனால் எழுதி வாங்குவதற்கு முன்னால் ஒரு புதுக் கேள்வியாவது கேளுங்கள்.

முதல்வர் கையெழுத்துப் போட்டார். நான் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது மழை விட்டிருந்தது. கலைச்செல்வி போய்விட்டாள். ரெஜினா மட்டும் படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்றாள். முடிவு அவளுக்குத் தெரிந்திருந்தது. முதல்வரின் உதவியாளர் சொல்லியிருப்பார். சந்தோஷப்பட வேண்டியவள் முகம் வெளிறி நின்றாள்.

"மேடம், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு ஹால்ல..."

"ரெஜினா," என்றேன். "மூணு அடிமானம். ரெண்டு, ஒண்ணு, ரெண்டு."

அவளுக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு கண்ணீர் வழிய வழிய விரலை மடக்கினாள்.

"ஒற்றை மேடம்."

"சரி. ஊருக்குப் போற பஸ்ஸுக்கு நேரமாச்சு, கெளம்பு."

தலையாட்டிவிட்டு, இரண்டு இரண்டு படியாக இறங்கி ஓடினாள். எதையெடுத்தாலும் சந்தேகப்படுகிறவள் நான். அவள் என்ன சொல்ல வந்தாள் என்பதில் மட்டும் எனக்கு அன்றைக்கும் சந்தேகம் இல்லை, இன்றைக்கும் இல்லை.